பழைய லெப்டொப்பில் விண்டோஸ் 7 போடுகிறீர்களா?

போன கிழமை கல்லடியில் மச்சாளின் பழைய லெப்டொப்புக்கு விண்டோஸ் 7 போட்டுக் கொடுத்தேன். 2 ஜிபி ரேம்தான். விண்டோஸ் 7 இன்ஸ்டோலர் உள்ள பென் டிரைவைக் கறுப்பு யூஎஸ்பி துளையில் செருகுங்கள். நீலம் பெரும்பாலும் யூஎஸ்பி 3.0, அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் விண்டோஸ் 7 இன்ஸ்டோலரில் இல்லை, பாதியில் நின்றுவிடும்.

போட்டு முடிந்த அப்புறம் 'கம்பியூட்டர்' ஐகனில் ரைட் கிளிக், புரொப்பட்டீஸ், அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸ், பெர்ஃபோமன்ஸ். அங்கே 'பெஸ்ட் பெர்ஃபோமன்ஸ்' கொடுத்தால் மெனுக்கள் சட்டென்று திறக்கும். ஆனால் 'ஸ்மூத் எட்ஜஸ் ஒஃப் ஸ்கிரீன் ஃபொன்ட்ஸ்' டிக்கை மட்டும் திரும்பப் போடுங்கள். இல்லாவிட்டால் ஞு, ணூ போன்ற எழுத்துகளின் சுழிகள் பல்லுப் பல்லாகத் தெரியும். தமிழ் வாசிக்கவே கண் வலிக்கும்.

பொதுப் பாவனையாளருக்கான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14உடன் நின்றுவிட்டது. வங்கிக் கணக்கை அதில் திறக்கவே வேண்டாம்.