மேலோடு எவ்வளவு கனம்? லட்டு உருட்டிப் பார்ப்போம்

புவியின் உள்ளமைப்பைச் சொல்லித்தர நான் முதலில் செய்தது கொழுக்கட்டை. மேல்மாவுதான் மேலோடு, பூரணம் கவசம், நடுவில் ஒரு முந்திரி கரு. பிள்ளைகள் ஆளுக்கு மூன்று தின்றார்கள், எனக்கும் திருப்தி. ஒரு வாரம் கழித்து எதிர்வீட்டுப் பையன் நோட்டில் படம் வரைந்து கொண்டுவந்தான். மேலோடு விரல் கனத்துக்கு இருந்தது. "நீங்க செஞ்ச கொழுக்கட்டை மாதிரியேதான் வரைஞ்சேன் ஆச்சி" என்றான்.

அவன் மேல் தப்பில்லை. ஐந்து சென்டிமீட்டர் கொழுக்கட்டையில் மேல்மாவு மூன்று மில்லிமீட்டர் என்றால், பூமியின் அளவில் அது 760 கிலோமீட்டர். உண்மையில் கண்டங்களுக்கு அடியில் மேலோடு 30 முதல் 70 கிலோமீட்டர்தான், கடலுக்கு அடியில் ஐந்திலிருந்து பத்துக்குள். இத்தனை வருஷம் அறிவியல் டீச்சராக இருந்துவிட்டு இதைக் கணக்குப் போடாமல் விட்டேனே என்று வெட்கமாகிவிட்டது. அடுத்த சனிக்கிழமை லட்டுக்கு மாறினேன்.

மாவைத் தொடுவதற்கு முன் கணக்கு. பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கு 200 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு பிள்ளைகளையே வகுக்கச் சொல்லுங்கள். முழு லட்டின் விட்டம் 64 மில்லிமீட்டர் வரும். கரு இரண்டு அடுக்கு: நட்டநடுவில் உட்கரு, அதைச் சுற்றி வெளிக்கரு. உட்கருவின் ஆரம் சுமார் 1,220 கிலோமீட்டர், எனவே லட்டில் அதன் விட்டம் 12 மில்லிமீட்டர். வெளிக்கருவையும் சேர்த்தால் ஆரம் 3,480 கிலோமீட்டர், விட்டம் 35 மில்லிமீட்டர். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் காம்பஸால் 12, 35, 64 மில்லிமீட்டர் விட்டத்தில் மூன்று வட்டம் போட்டு வெட்டி எடுங்கள். உருட்டியதை அந்த ஓட்டையில் நுழைத்துப் பார்த்தால் சரியா தப்பா என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் சமையலைவிட இந்த அட்டைக்குத்தான் சண்டை.

(உட்கரு என்றதும் ஏழாவது படிக்கிற என் பேத்தி, "அது செல்லுக்குள்ள இருக்கறதுல்ல?" என்று கேட்டாள். பாடத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். முதலிலேயே சொல்லிவிடுங்கள்.)

ஆறு பிள்ளைகளுக்கு மூன்று லட்டு போதும். கடைசியில் குறுக்கே வெட்டினால் ஆளுக்குப் பாதி.

உட்கருவுக்கு வேகவைத்த வெள்ளைக் கொண்டைக்கடலை. ஊறி வெந்தபின் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் இருக்கும், அட்டையில் பார்த்துப் பொறுக்கிக்கொள்ளலாம். வீட்டில் ரொம்பச் சின்னக் குழந்தை இருந்தால் அதற்கு முழுக் கடலை கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வெளிக்கருவுக்கு, ஒரு லட்டுக்கு நாலு பேரீச்சம்பழம் கொட்டை நீக்கி மசித்து, கடலையைச் சுற்றிப் பொதியுங்கள். கவசம் மாலாடு மாவு: இரண்டு டம்ளர் பொட்டுக்கடலை மாவு, முக்கால் டம்ளர் பொடித்த சர்க்கரை, ஏலக்காய், உருக்கிய நெய் அரை டம்ளர் வரை. நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், பிடித்தால் உடையாமல் நிற்கும் பதம் வந்ததும் நிறுத்திவிடலாம். மாவில் கிட்டத்தட்ட எல்லாமே கவசத்துக்குப் போய்விடும். பூமியின் கன அளவில் 84 சதவீதம் கவசம்தான் என்பதைக் கை முதலில் தெரிந்துகொள்ளும், புத்தகம் அப்புறம் சொல்லட்டும்.

இனி மேலோடு. நம் கணக்கில் கண்டங்களுக்கு அடியில் உள்ள மேலோடே சராசரியாக 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவு. எதையும் உருட்டி ஒட்ட முடியாது. எள்ளில் புரட்டலாமா என்று ஒரு பிள்ளை கேட்கும், கேட்டே தீரும். ஒரு எள்ளின் கனமே இங்கே நூறு கிலோமீட்டரைத் தாண்டிவிடும், கூடாது. வறுத்த கேழ்வரகு மாவைத் தட்டில் பரப்பி, லட்டை ஒரு முறை உருட்டி எடுத்து, வாயால் ஊதச் சொல்லுங்கள். ஊதியபின் ஒட்டி நிற்கிற தூசிதான் மேலோடு. இமயமலை, வங்கக்கடல், நம் பாளையங்கோட்டை எல்லாம் அந்தத் தூசியில்தான். அந்த இடத்தில் பிள்ளைகள் கொஞ்சம் அமைதியாகிவிடுவார்கள்.

அரை மணி நேரம் பிரிட்ஜில் வைத்துவிட்டு நூலால் வெட்டுங்கள். கத்தி வைத்தால் மாவு உதிர்ந்து அடுக்குகள் கலந்துவிடும்.

ஒரு பொய்யை ஒத்துக்கொண்டாக வேண்டும். வெளிக்கரு திரவம், உருகிய இரும்பும் நிக்கலும். பேரீச்சம்பழம் திரவமில்லை. ஒருமுறை அசல் மாதிரி இருக்கட்டும் என்று வெல்லப்பாகு வைத்துப் பார்த்தேன். உருட்டும்போதே கை முழுக்க வழிந்து, பையன் ஒருவன் "எரிமலை!" என்று கத்தினான். மாதிரி கெட்டாலும் பாடத்துக்கு வழி கிடைத்தது. எரிமலைக் குழம்பு கருவிலிருந்து வருவதில்லை. அது பெரும்பாலும் கவசத்தின் மேற்பகுதியில், பாறை கொஞ்சமாக உருகுகிற இடத்திலிருந்து வருகிறது. நம் லட்டில் அது தோலுக்கு அடியில் ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூட வராது.

அதே மூச்சில் இன்னொன்றும் சொல்லிவிடுவேன். மேலோட்டுக்குக் கீழே எல்லாமே கொதிக்கிற குழம்பு என்று பெரியவர்களே நினைக்கிறார்கள். கவசம் திடப் பாறை. திடமாக இருந்துகொண்டே மிக மெதுவாக நகர்கிறது. இதற்கு எங்கள் ஊரில் இருக்கவே இருக்கிறது அல்வா. கடையில் சூடாக வாங்கிய அல்வாவில் ஒரு துண்டைச் சாய்த்த தட்டில் வைத்து, அதன் ஓரத்தில் பேனாவால் தட்டில் ஒரு கோடு போடுங்கள். பார்த்துக்கொண்டிருந்தால் அசையாது. லட்டு உருட்டி முடித்து வந்து பார்த்தால் கோட்டைத் தாண்டியிருக்கும். அல்வாவுக்கு அரை மணி நேரம், கவசத்துக்கு வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர்.

உட்கரு 5,000 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தும் ஏன் உருகவில்லை என்ற கேள்வியும் வரும். மேலே இருக்கிற அத்தனையும் சேர்ந்து அழுத்துகிற அழுத்தம், அவ்வளவுதான் பதில்.

"உள்ளே போய்ப் பார்த்தது யார்?" என்று கேட்டால் ஒரு பல்குச்சியைக் கையில் கொடுங்கள். ரஷ்யாவின் கோலா பகுதியில் தோண்டிய துளை 12,262 மீட்டர் ஆழம். நம் லட்டில் அது 0.06 மில்லிமீட்டர். அந்தக் குச்சியால் கேழ்வரகுத் தூசியைக்கூடத் தாண்டாமல் குத்திக் காட்டச் சொல்லுங்கள், யாராலும் முடியாது. பிறகு எப்படித் தெரிந்தது? தர்பூசணி வாங்கும்போது தட்டிப் பார்ப்பதில்லையா, அப்படித்தான். பூகம்பம் தட்டுகிறது, நாம் காது வைக்கிறோம். டென்மார்க்கின் இங்கெ லேமன் (Inge Lehmann) என்ற அம்மா 1929இல் நியூசிலாந்தில் வந்த பூகம்பத்தின் அலைப்பதிவுகளை உட்கார்ந்து ஆராய்ந்தார். கருவுக்குள் வேறு மாதிரியான இன்னொரு கரு இருக்கிறது என்று 1936இல் சொன்னார். அது திடம் என்பது அதற்குப் பிறகுதான் உறுதியானது. நம் கொண்டைக்கடலை அவர் கண்டுபிடித்தது.

நேரம் மிச்சமிருந்தால் பால் காய்ச்சி அகலப் பாத்திரத்தில் ஆற விடுங்கள். ஆடை நன்றாகப் படிந்து சூடும் தணிந்த பிறகு, ஒரு கரண்டியால் ஓரத்திலிருந்து மெல்லத் தள்ளச் சொல்லுங்கள். ஆடை மடிப்பு மடிப்பாகச் சுருங்கி மேலே எழும். இந்திய நிலத்தட்டு, அதாவது இந்தியாவைச் சுமந்துகொண்டு நகர்கிற பெரிய பாறைத் துண்டு, ஆசியாவை முட்டத் தொடங்கி ஏறக்குறைய ஐந்து கோடி வருஷம் ஆகிறது. இன்னும் முட்டிக்கொண்டுதான் இருக்கிறது, கிட்டத்தட்ட நகம் வளர்கிற வேகத்தில். அதில் எழுந்ததுதான் இமயமலை.

எங்கள் வீட்டில் ஆடையைத் தின்ன பிள்ளைகள் யாரும் வரமாட்டார்கள். இமயமலை எப்போதும் எனக்குத்தான், கொஞ்சம் சர்க்கரை தூவி.