ஏற்றத்தில் வண்டி எடுக்க முதலில் இடது காலைப் பழக்குங்கள்

கோத்தகிரிப் பக்கம் கார் ஓட்டப் பழகுவதில் பெரிய சிக்கல், சமமான இடமே கிடையாது. அக்கா மகளுக்குச் சொல்லிக்கொடுக்க, தேயிலை எடை போடும் கொட்டகையின் முன்னால் இருக்கும் களத்தைத்தான் பிடித்தேன். சாயங்காலம் இலை லாரி போய்விட்டால் அது காலி. வண்டி என்னுடைய பழைய மாருதி 800.

முதல் நாள் ஆக்சிலரேட்டரைத் தொடவே விடவில்லை. கிளட்சை முழுக்க மிதித்து முதல் கியர் போடு, அப்புறம் காலை மெல்ல மெல்ல எடு, அவ்வளவுதான். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் லேசாகக் கம்மும், ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம் தெரியும். கிளட்ச் பிடிக்கிற இடம் அதுதான். அங்கே காலை இரண்டு மூச்சு நேரம் அப்படியே நிறுத்தினால் வண்டி தானாக ஊர ஆரம்பிக்கும். சட்டென்று விட்டால் ஒரு குதி குதித்து ஆஃப் ஆகிவிடும். அவளுக்குப் பதினோரு தடவை ஆனது. காரணம் கால் அல்ல, சீட். பின்னால் தள்ளிப் போட்டிருந்தாள், கால் நுனியால்தான் கிளட்ச் எட்டியது. முழுக்க மிதித்த பிறகும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கிற அளவுக்கு சீட்டை முன்னால் இழுத்ததும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. குளிருக்குப் போடுகிற தடித்த பூட்ஸும் வேண்டாம், கிளட்ச் பிடிப்பது காலுக்குத் தெரியாது.

கோயம்புத்தூரில் நன்றாக ஓட்டுகிறவர்களே இங்கே வந்து திணறுவார்கள். சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் காற்று ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு லேசாகிவிடும். டர்போ இல்லாத இன்ஜினுக்கு அந்த அளவுக்கு இழுவை குறையும். கீழே கொடுக்கிறதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஆக்சிலரேட்டர் கொடுக்க வேண்டும்.

ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக்தான் மூன்றாவது கால். அதை இழுத்துப் போட்டு, முதல் கியர், இன்ஜின் சீராக உறுமும் வரை ஆக்சிலரேட்டர், பிறகு கிளட்சை அந்த இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பானெட் லேசாகத் தூக்கும். தூக்கிய பிறகுதான் ஹேண்ட் பிரேக்கை இறக்க வேண்டும். "மாமா, பின்னாடி போகுது!" என்று அவள் கத்தியதெல்லாம் பானெட் தூக்குவதற்கு முன்பே இறக்கியதால். அப்படிப் போனால் யோசிக்காமல் கால் பிரேக், கிளட்ச் இரண்டையும் மிதித்து, ஹேண்ட் பிரேக் போட்டு, முதலிலிருந்து ஆரம்பியுங்கள். பின்னால் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

மே மாதக் கூட்டத்தில் சிலர் பிரேக் போடாமல் பாதிக் கிளட்சிலேயே வண்டியை நிறுத்தி வைப்பார்கள். கருகின வாடை வந்தால் தேய்வது கிளட்ச் பிளேட். ஓரங்கட்டி ஆற விடுங்கள்.

நான் பழகிய காலத்தில் ஒரு வளைவில் பின்னால் உருண்டு, கேரட் மூட்டை ஏற்றிய பிக்கப்பில் பம்பரைத் தொட்டுவிட்டேன். அந்த அண்ணன் திட்டவில்லை. இறங்கி வந்து என் பின் டயருக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுத்து, "இப்ப எடு தம்பி" என்றார். வண்டி ஏறியது. கொஞ்சம் மேலே போய்க் கண்ணாடியில் பார்த்தால், அந்தக் கல்லை எடுத்து ரோட்டோரம் போட்டுக்கொண்டிருந்தார். நீங்களும் முட்டுக்கொடுத்தால் கல்லை ரோட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ராத்திரி பைக்கில் வருகிறவனுக்குத் தெரியாது.