இலக்கணவழிப் பரிணாமம்: முடிக்கும் விதிகளைக் கூட்டி எழுதுங்கள்

1998-இல் அயர்லாந்தின் லிமெரிக் பல்கலைக்கழகத்தில் கானர் ரையன், ஜே. ஜே. காலின்ஸ், மைக்கேல் ஓநீல் ஆகியோர் முன்வைத்த இலக்கணவழிப் பரிணாமம், கணினி நிரல்களைப் பரிணாம வழியில் தேடி உருவாக்கும் முறை. இதில், மரபுத்தொடர் எனப்படும் எண் வரிசையின் ஒவ்வோர் எண்ணையும், விரிக்க வேண்டிய குறியீட்டுக்கு இலக்கணம் தரும் விதிகளின் எண்ணிக்கையால் வகுத்து, கிடைக்கும் மீதியைக் கொண்டு விதி தேர்ந்தெடுக்கப்படுகிறது. நான்கு விதிகள் இருக்கையில் 42 வந்தால் மீதி 2. எண்ணிக்கை 0-இல் தொடங்குவதால் மூன்றாம் விதி தேர்வாகும்.

ஆகவே, இலக்கணத்தை எழுதும் விதமே தேடலின் போக்கைத் தீர்மானிக்கிறது. கணிதக் கோவையைச் சுட்டும் 'கோவை' என்னும் குறியீட்டுக்கு 'கோவை + கோவை', 'கோவை − கோவை', 'கோவை × கோவை', 'மாறி' என நான்கு விதிகளை எழுதினால் பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால், அவற்றில் மூன்று விதிகள் 'கோவை'யையே மீண்டும் இருமுறை அழைக்க, 'மாறி' மட்டுமே விரிவை முடிப்பதால், எத்தனை எண்கள் கொடுத்தாலும், எழுமாற்றாக உருவாகும் நிரல்களில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே முழுமை பெறும். 'மாறி' விதியையே மூன்று முறை எழுதிவிடுங்கள்; வளர்க்கும் விதிகளும் முடிக்கும் விதிகளும் மும்மூன்றாகச் சமமானதும், விரிவு முடிவின்றி ஓடும் வாய்ப்பு இல்லாமற்போகும். எனினும் சில நிரல்கள் மிக நீளமாக வளரக்கூடும் என்பதால் விரிவு எத்தனை அடுக்கு வரை போகலாம் என்னும் ஆழ வரம்பு ஒன்றையும் வைப்பது நல்லது. 8 பிட் எண்களை (0 முதல் 255 வரை) பயன்படுத்துவோர் 'மாறி' விதிகளை முதலில் எழுதலாம். அந்த எண்களின் மொத்தமான 256, விதிகளின் எண்ணிக்கையான ஆறால் மீதியின்றி வகுபடாததால், முதல் நான்கு விதிகள் சற்றே கூடுதலாகத் தேர்வாகும்.