ஆண்ட்ரோமீடா படத்துக்குள் அடங்குமா? முதலில் கணக்கு

ஆண்ட்ரோமீடா என்ற விண்மீன் மண்டலத்தை (galaxy) நான் முதன்முதலில் படம் எடுத்தது 600 மி.மீ. குவியத் தூரமுள்ள தொலைநோக்கியில். மூன்று இரவுகளின் படங்களை மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தபோது நடுவில் ஒளி பொங்கி நின்றது. இரு முனைகளும் வெட்டுப்பட்டிருந்தன. எத்தனை மணி நேரம் கூடுதலாக எடுத்திருந்தாலும் அந்த முனைகள் வந்திருக்காது. ஒரு நிமிடக் கணக்கு அதை முன்பே சொல்லியிருக்கும்.

கேமரா சென்சாரின் அகலத்தை மில்லிமீட்டரில் எடுத்து 57.3 ஆல் பெருக்குங்கள்; குவியத் தூரத்தால் வகுங்கள். வானில் எத்தனை பாகை படத்தில் விழும் என்பது கிடைத்துவிடும். உயரத்துக்கும் இதே வழிதான். ஒரு ரேடியன் 57.3 பாகை என்பதால் அந்த எண்.

என் சென்சார் 23.5க்கு 15.7 மி.மீ. எனவே 600 மி.மீ.யில் கிடைப்பது 2.24க்கு 1.5 பாகை. ஆண்ட்ரோமீடாவோ சுமார் 3 பாகை நீளம். முழுநிலவுகள் ஆறை வரிசையாக வைத்த அளவு. மூலைவிட்டத்தில் கிடத்தினாலும் 2.7 பாகைதான் இருக்கிறது. 0.8 மடங்கு ரெட்யூசர் (குவியத் தூரத்தைக் குறைக்கும் வில்லை) போட்டால் குவியத் தூரம் 480 ஆகிறது, மூலைவிட்டம் 3.37 ஆகிறது. கேமராவைத் திருப்பி வைத்தால் அடங்கும், நெருக்கமாகத்தான். 400 மி.மீ.யில் அகலமே 3.37 பாகை. இந்த விண்மீன் மண்டலத்துக்கு நான் பரிந்துரைப்பது அதைத்தான். சுற்றிலும் கொஞ்சம் இருள் இருந்தால்தான் அதன் பிரம்மாண்டம் தெரியும்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சிறிய சென்சார் என்பதால் குவியத் தூரத்தை 1.5 ஆல் பெருக்கிவிடுவார்கள். வேண்டாம். சென்சாரின் உண்மை அளவு கணக்கில் ஏற்கெனவே இருக்கிறது. மறுபடி பெருக்கினால் இரட்டிப்புப் பிழை.

சிறிய பொருள்களுக்குச் சிக்கல் நேர்மாறானது. சுழல் மண்டலமான எம்51 ஏறக்குறைய 11 கலை நீளம்தான் (ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை). என் 600 மி.மீ. படத்தின் அகலத்தில் அது பன்னிரண்டில் ஒரு பங்கு. பிக்சல் கணக்கும் பாருங்கள்: பிக்சலின் மைக்ரான் அளவை 206 ஆல் பெருக்கிக் குவியத் தூரத்தால் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு எத்தனை விகலை என்பது வரும். எனக்கு 3.76 மைக்ரான், ஆகவே 1.29 விகலை. எம்51 ஏறத்தாழ 510 பிக்சலில் முடிந்துவிடும். அதற்கு நீண்ட குவியத் தூரமே தேவை.

பெட்டியில் அச்சிட்ட குவியத் தூரத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். ரெட்யூசருக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளி சற்று மாறினாலும் அது மாறும். எடுத்த படத்திலுள்ள விண்மீன்களை மென்பொருளால் அடையாளம் காணச் செய்தபோது, என் 480 உண்மையில் 489 என்று வந்தது.

கிடைத்த எண்களை ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபட மென்பொருளில் கொடுத்தால் வானத்தின் மேல் செவ்வகமாக வரைந்து காட்டும். அதைச் சுழற்றிப் பார்த்துக் கோணத்தை முடிவு செய்யுங்கள். ஓரங்களில் பத்தில் ஒரு பங்கை விட்டுவையுங்கள். படங்களை அடுக்கும்போது அது போய்விடும். கேமரா இணையும் வளையத்தில் ஒரு சிறு நாடா ஒட்டிக் கோணத்தைக் குறித்துவையுங்கள். மறுநாள் இரவு அதே கோணத்தில் பூட்டினால்தான் மூலைகள் பொருந்தும்.