வீட்டுப் பட்டறையில் மரத்தூளை அடக்குவது எப்படி?

மரவேலையைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் தூள் பிரச்சினை என்றதும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஹெச்.பி. மோட்டார் வாங்கலாம்?" என்பதுதான். மோட்டார் அப்புறம். தூள் எந்த இடத்தில் கிளம்புகிறதோ அந்த இடத்திலேயே பிடித்துவிட்டால் ஒரு சாதாரண வேக்குவம் போதும். அங்கே கோட்டை விட்டால், அறை முழுக்கப் பரவியதைப் பெரிய மெஷின் வைத்தாலும் திரும்ப அள்ள முடியாது.

தர்மபுரிப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட் போட்டிருப்பவர்கள், ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்துவிட்டு வாடகை வீட்டு கார் ஷெட்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை பார்ப்பவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். கையில் ஒரு சர்குலர் சா (வட்ட ரம்பம்), ஒரு சாண்டர் (உப்புத்தாளால் தேய்க்கும் மெஷின்), ஒரு டிரில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

எந்தத் தூளுக்குப் பயப்பட வேண்டும்?

காலடியில் குவிகிற தூளுக்குப் பயப்பட வேண்டாம், அது பெருக்கினால் போய்விடும். கண்ணுக்குத் தெரியாமல் மிதப்பதுதான் நுரையீரலுக்குள் இறங்குகிறது. 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள், காற்று அசையாத அறையில் ஆள் உயரத்திலிருந்து தரைக்கு வர பத்து நிமிடம்போல ஆகும். 1 மைக்ரான் துகளுக்கு அரை நாளுக்கு மேல். நீங்கள் மெஷினை நிறுத்தி, மாஸ்க்கைக் கழற்றி, டீ குடிக்க உட்காரும்போதும் அது அங்கேயேதான் மிதந்துகொண்டிருக்கும்.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1995இல் வெளியிட்ட தொகுப்பிலேயே முதல் பிரிவில், அதாவது உறுதியானவற்றின் பட்டியலில், வைத்துவிட்டது. மூக்கு, சைனஸ் பகுதிகளில் வரும் புற்றுநோய் அதில் முக்கியமானது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு, கன மீட்டர் காற்றுக்கு 1 மில்லிகிராம். இதை நம் அறைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 12க்கு 12 அடி, 10 அடி உயரம் என்றால் கிட்டத்தட்ட 41 கன மீட்டர். அதாவது அறை மொத்தத்திலும் 41 மில்லிகிராம் மிதந்தாலே வரம்பு தாண்டிவிட்டது. பத்துப் பதினைந்து எள் சேர்ந்தால் வருகிற எடை அது. ஒரு பலகையை சாண்டரில் தேய்த்தாலே அதைத் தாண்டிவிடலாம்.

மரத்துக்கு மரம் வித்தியாசமும் உண்டு. தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைத் தரும், ஈட்டி மரமும் அப்படித்தான். எம்.டி.எஃப். (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் பலகை), பிளைவுட் இரண்டிலும் ஃபார்மால்டிஹைட் சேர்ந்த பசை இருக்கிறது, தூளும் ரொம்பப் பொடி. கிருஷ்ணகிரிப் பக்கம் சல்லிசாகக் கிடைக்கும் மாமரம் பரவாயில்லை என்று நினைக்க வேண்டாம். வரம்புக் கணக்கு எல்லா மரத்துக்கும் ஒன்றுதான்.

படி 1: எவ்வளவு தப்பிப் போகிறது என்று பாருங்கள்

கிரானைட் பாலிஷ் போடும் இடங்களில் கழிவாகக் கிடக்கும் கறுப்புக் கல் துண்டு ஒன்று வாங்கி வாருங்கள். பளபளப்பான பக்கம் மேலே இருக்கும்படி தோள் உயரத் தட்டில் வைத்து, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். வழக்கம்போல அரை மணி நேரம் வேலை செய்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போய், மறுநாள் காலையில் அதன் மேல் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோட்டுக்கு இரண்டு பக்கமும் சாம்பல் படலம் தெரிகிறதா? அது நீங்கள் மூச்சில் இழுத்த அதே தூள். கீழே உள்ள ஒவ்வொரு படியும் முடிந்த பிறகு இதையே திரும்பச் செய்யுங்கள். இருட்டிய பிறகு விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தாலும் தெரியும், ஆனால் முன்பைவிடக் குறைந்ததா என்று ஒப்பிட்டுச் சொல்லக் கல்தான் சௌகரியம்.

படி 2: சாண்டரை முதலில் சரி செய்யுங்கள்

பொடித் தூளில் பெரும்பங்கு இதிலிருந்துதான். நல்ல செய்தி, இதைப் பிடிப்பதுதான் எல்லாவற்றிலும் சுலபம். 5 அங்குல ரேண்டம் ஆர்பிட் சாண்டரின் பேடில் ஓட்டைகள் இருக்கும். உப்புத்தாளிலும் அதே இடத்தில் ஓட்டை இருந்து, இரண்டும் நேர்க்கோட்டில் உட்கார வேண்டும். ஹார்டுவேர் கடையில் ஓட்டையில்லாத தாளை வெட்டி ஒட்டிக்கொண்டு, "வேக்குவம் இழுக்கவே மாட்டேங்குது" என்பவர்கள் நிறைய. இழுப்பதற்கு வழி இருந்தால்தானே!

கூடவே வரும் சின்னத் துணிப்பையைக் கழற்றிவிட்டு வேக்குவம் ஹோஸை மாட்டுங்கள். வாய் அளவு பொருந்தவே பொருந்தாது, எந்தக் கம்பெனியும் இன்னொரு கம்பெனி அளவில் செய்வதில்லை. பழைய பைக் டியூபில் நான்கு அங்குலம் வெட்டி, இரண்டு முனைகளுக்கும் மேலாக உறைபோல இழுத்துவிட்டு கிளாம்ப் போட்டால் காற்றுக் கசியாது. இழுப்பு அதிகமாகி சாண்டர் மரத்தோடு ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால், வேக்குவத்தின் வேகத்தைக் குறையுங்கள். வேகம் குறைக்கும் வசதி இல்லையென்றால் ஹோஸில் சின்னதாக ஒரு காற்று வழி விடுங்கள். தூள் உடனுக்குடன் போய்விடுவதால் உப்புத்தாளும் கூடுதல் நாள் உழைக்கும்.

படி 3: ரம்பத்துக்குக் கீழே ஒரு பெட்டி

சர்குலர் சாவைக் கவிழ்த்துப் பலகைக்கு அடியில் பொருத்தி டேபிள் சா ஆக்குவது நம் ஊரில் சகஜம். பிளேடு கார்டும், பின்னால் அறுத்த மரம் பிளேடை நெருக்காமல் தடுக்கும் ரைவிங் கத்தியும் இல்லாமல் அதை ஓட்டாதீர்கள். அது முதலில் விரலுக்காக, அப்புறம்தான் தூளுக்காக. தூளில் பெரும்பகுதி கீழே விழும். அதனால் அடியில் 9 மி.மீ. பிளைவுட்டில் பெட்டி செய்து, அடித்தளத்தைச் சரிவாக வைத்து, தாழ்ந்த முனையில் ஹோஸுக்கு வழி விடுங்கள்.

இங்கே இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பெட்டியை முழுசாக அடைத்தால் உள்ளே காற்று வராது, இழுப்பும் இருக்காது. ஹோஸ் வாய் அளவுக்காவது எதிர்ப்பக்கம் திறப்பு வேண்டும். இன்னொன்று, மோட்டார் குளிர அதன் பின்பக்கம் வெளிக்காற்று கிடைக்க வேண்டும். நம் சித்திரை வெயிலில் தகர ஷெட்டுக்குள் மூடிய பெட்டியில் ஓடும் மோட்டார் அதிக நாள் தாங்காது. எனவே பிளேடு பக்கத்தை மட்டும் பெட்டிக்குள் விட்டு, மோட்டார் பக்கத்தை வெளியே நிறுத்துங்கள்.

கை பிளானருக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். அது தள்ளுவது செதில், பொடியில்லை, ஹோஸும் அடைத்துக்கொள்ளும். அதன் பையோடே விட்டுவிடுங்கள். முடிந்த இடத்தில் ஆசாரிமாரின் இழைப்புளியையே எடுங்கள், சுருள் சுருளாக விழுமே தவிரத் தூள் எழும்பாது. கடைசி மெருகுக்கு மட்டும் சாண்டர்.

படி 4: வேக்குவத்துக்கு முன்னால் சைக்ளோன் வாளி

வேக்குவம் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அடைத்ததும் இழுப்பு பாதியாகிவிடும். நடுவில் ஒரு சைக்ளோன் (கூம்பு வடிவத் தூள் பிரிப்பான்) வைத்தால் காற்று உள்ளே சுழல, கனமான தூள் சுவரோரம் ஒதுங்கி வாளிக்குள் விழும், லேசான பொடி மட்டும் வேக்குவத்துக்குப் போகும். பிளாஸ்டிக் சைக்ளோன் ஆன்லைனில் கிடைக்கிறது. வாளிக்கு, பெயிண்ட் அடிப்பவர்கள் காலி செய்த 20 லிட்டர் பக்கெட் அருமையாகப் பொருந்தும்.

1. மூடி நடுவே சைக்ளோனின் கீழ்வாய் அளவுக்கு ஓட்டை போடுங்கள். மூடி தொய்யாமல் இருக்க அடியில் 12 மி.மீ. பிளைவுட் வட்டம் வைத்து போல்ட் போடுங்கள்.
2. மூடி விளிம்பில் கதவுக்கு ஒட்டும் ஃபோம் டேப், சைக்ளோன் அடியில் சிலிகான். ஊசி முனை ஓட்டைகூடக் கூடாது. கீழே காற்றுக் கசிந்தால் விழுந்த தூளெல்லாம் திரும்ப மேலேறி வேக்குவத்துக்குள் போய்விடும்.
3. வேக்குவத்தை ஓடவிட்டு ஹோஸ் வாயை உள்ளங்கையால் இரண்டு விநாடி மூடுங்கள். பக்கெட் "டொப்" என்று உள்வாங்கினால் சுவர் மெலிசு. ஒரு பக்கெட்டுக்குள் இன்னொன்றைச் சொருகினால் நிற்கும்.
4. பாதிக்கு மேல் கொஞ்சம் நிரம்பியதுமே கொட்டிவிடுங்கள்.

வேக்குவத்துக்குள் எந்த ஃபில்டர் இருக்கிறது என்றும் பாருங்கள். பஞ்சு உறை தண்ணீர் உறிஞ்சுவதற்கானது. உலர்ந்த தூளுக்கு நுண்பொடியையும் தடுக்கும், மடிப்பு வைத்த ஹெப்பா கார்ட்ரிட்ஜ் வேண்டும். பஞ்சோடு ஓட்டினால், முன்பக்கம் இழுத்த பொடியைப் பின்பக்கம் அறைக்குள்ளேயே ஊதித் தள்ளும்.

படி 5: குழாய் விஷயத்தில் ஆசைப்படாதீர்கள்

"பெரிய குழாய் போட்டால் நிறைய இழுக்கும்" என்று 110 மி.மீ. பி.வி.சி. வாங்கிவிடாதீர்கள். படுக்கைவாட்டுக் குழாயில் மரத்தூள் தங்காமல் போக விநாடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகம் வேண்டும். வேக்குவம் நிமிடத்துக்கு 2.4 கன மீட்டர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 50 மி.மீ. குழாயில் அந்த வேகம் வந்துவிடும். 110 மி.மீ.யில் 5 மீட்டரைக்கூடத் தொடாது, தூள் வழியிலேயே படுத்துவிடும். பெரிய குழாய், 2 ஹெச்.பி. பை மெஷின் (பெரிய துணிப்பை மாட்டிய தூள் உறிஞ்சி) வாங்குகிறவர்களுக்குத்தான்.

வளைவுகளில் 90 பாகை எல்போவுக்குப் பதில் இரண்டு 45 பாகை எல்போ. ஹோஸ் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. பங்குனி, சித்திரையில் காற்று வறண்டிருக்கும்போது பிளாஸ்டிக் குழாயில் நிலைமின்சாரம் சேர்ந்து சுரீரென்று அடிக்கும். வெறும் செப்புக் கம்பியைக் குழாய் நெடுகச் சுற்றி, எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தில் சேர்த்துவிடுங்கள்.

அவர் வந்திருக்கும்போதே ப்ளக் பாயின்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். 1400 வாட் ரம்பமும் 1400 வாட் வேக்குவமும் சேர்ந்து ஓடினால் 12 ஆம்பியருக்கு மேல். 6 ஆம்ப் பாயின்ட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு இரண்டையும் ஓட்டினால் ஒயர் சூடாகும். இரண்டுக்கும் தனித்தனி 16 ஆம்ப் பாயின்ட்தான் சரி.

படி 6: மிச்சத்தை வெளியே தள்ளுங்கள்

வெளிநாட்டு வீடியோக்களில் கூரையில் ஃபில்டர் பெட்டி தொங்கவிட்டு அதே காற்றைச் சுற்றிச் சுற்றி வடிகட்டுவார்கள். பனிக்காலத்தில் ஹீட்டர் போட்டுச் சூடாக்கிய காற்றை வெளியே விட அவர்களுக்கு மனசு வராது. நமக்கென்ன? தர்மபுரியில் உள்ளே இருக்கிற வெப்பம் வெளியே போனால் சந்தோஷம்தான். 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றைச் சுவரில் வைத்து, எதிர்ச்சுவரில் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். ஃபேனுக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் அந்த மூலைக் காற்று மட்டும்தான் மாறும்.

ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து காற்று அடிக்கும். ஃபேனை மேற்குச் சுவரில் வைத்தால் அந்த இரண்டு மாதமும் தூள் முகத்திலேயே வந்து விழும். கிழக்குச் சுவர் நல்லது, பக்கத்து வீட்டுத் துணிக்கொடி அங்கே இல்லாத பட்சத்தில். வேலை முடிந்த பிறகும் ஃபேனை அரை மணி நேரம் ஓடவிடுங்கள்.

வேக்குவத்தையே தாழ்வாரத்தில் வைத்து, சுவரில் ஓட்டை போட்டு ஹோஸை மட்டும் உள்ளே கொண்டுவந்தால் இன்னும் விசேஷம். இரைச்சலும் வெளியே, ஃபில்டரைத் தாண்டும் பொடியும் வெளியே. சாரல் படாமல் மேலே ஒரு தகரம் போடுங்கள்.

மாஸ்க், துடைப்பம், சாக்கு

மேலே சொன்ன எல்லாம் செய்தாலும் மாஸ்க் வேண்டும். முகத்தில் கட்டும் துண்டு பொடியைத் தடுக்காது, என்95 போடுங்கள். தாடி இருந்தால் ஓரத்தில் கசியும். மெஷின் நின்றதும் கழற்றாமல், வெளியே வந்த பிறகு கழற்றுங்கள்.

உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் படிந்தது மறுபடி மிதக்கும். வேக்குவத்தால் எடுங்கள், அல்லது மெஷின்களைத் தள்ளி வைத்துவிட்டுத் தரையில் தண்ணீர் தெளித்துப் பெருக்குங்கள். கம்ப்ரஸர் ஊதியை அறைக்குள் எடுக்கவே வேண்டாம். தின்னர் கலந்த பாலிஷ் அடிக்கும்போது வேக்குவத்தை ஓட்டாதீர்கள், அதன் மோட்டாரில் பொறி பறக்கும். இரும்பு கிரைண்டிங் செய்யும் இடத்திலும் அதே வேக்குவத்தை நீட்டாதீர்கள், ஒரு தீப்பொறி வாளிக்குள் போனால் ராத்திரி முழுக்கப் புகைந்துகொண்டிருக்கும்.

வாளித் தூளை இரண்டு சாக்காகப் பிரியுங்கள். மா, வேம்பு, புளி போன்ற வெறும் மரத்தூளை எருக்குழியில் சாணத்தோடு சேர்த்துப் போடலாம், மக்க நாளாகும். பிளைவுட், எம்.டி.எஃப். தூளைத் தனிச் சாக்கில் கட்டி நகராட்சிக் குப்பை வண்டியில் கொடுத்துவிடுங்கள். மரத்தூள் அடுப்புக்கு வேண்டும் என்று யாராவது கேட்டு வந்தால் முதல் சாக்கை மட்டும் கொடுங்கள்.