காலியாக விட்ட அந்த ஒரு கட்டம்: பிரிட்டனில் பிள்ளையை ஸ்கவுட்டில் சேர்க்கும் பெற்றோருக்கு

என் மகன் ஆறு வயதில் ஸ்கவுட், அதாவது சாரணர் இயக்கத்தின் சின்னப் பிள்ளைகள் பிரிவான பீவர்ஸில் சேர்ந்திருக்க வேண்டியவன். எட்டு வயது தாண்டிய பிறகுதான் உள்ளே போனான், அதுவும் அடுத்த பிரிவான கப்ஸில். பீவர்ஸில் இருக்க வேண்டிய இரண்டு வருடம் அவனுக்குக் கிடைக்காமலே போய்விட்டது. பதிவுப் படிவத்தில் நான் காலியாக விட்ட ஒரு கட்டம்தான் காரணம். புதிதாக வந்திருக்கும் நீங்களும் அதை விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஊரில் சாரணர் இயக்கம் என்றால் பள்ளிக்கூடத்துச் சமாச்சாரம். பி.டி. சார் பெயர் கேட்பார், சீருடை தைக்கச் சொல்வார், சின்னப் பிள்ளைகள் குருளையர், பெரியவர்கள் சாரணர். ராஜ்ய புரஸ்கார், ராஷ்ட்ரபதி விருது என்று சான்றிதழ் வாங்கி ஃபைலில் போட்டுக்கொள்வோம். பெற்றோருக்கு அதில் வேலையே இருக்காது. இங்கே பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டால் பெரும்பாலும் கையை விரிப்பார்கள், ஏனென்றால் ஸ்கவுட் குழுக்கள் பள்ளிக்கு வெளியே ஊர்க்காரர்களே நடத்துபவை. வாரத்தில் ஒரு மாலை, ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம், ஒரு சர்ச் கூடத்திலோ குழுவின் சொந்தக் கொட்டகையிலோ கூடுவார்கள்.

வயதுக் கணக்கை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். நாலு வயதிலிருந்து ஆறு வரை ஸ்குவிரல்ஸ் (இது 2021இல் வந்த புதுப் பிரிவு, எல்லாக் குழுவிலும் இருக்காது). ஆறு முதல் எட்டு பீவர்ஸ். எட்டு முதல் பத்தரை கப்ஸ். பத்தரை முதல் பதினாலு ஸ்கவுட்ஸ். அதன் பிறகு பதினெட்டு வரை எக்ஸ்ப்ளோரர்ஸ். எல்லாப் பிரிவிலும் பெண் பிள்ளைகளும் உண்டு. கேர்ள்கைடிங் என்பது தனி அமைப்பு. மகளை இரண்டில் எதில் வேண்டுமானாலும் சேர்க்கலாம்.

சேர்ப்பதற்கு ஸ்கவுட்ஸ் இணையதளத்தில் உங்கள் போஸ்ட்கோட் போட்டால் பக்கத்துக் குழுக்கள் வரும். பிள்ளையின் பிறந்த தேதி கொடுத்துக் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் பதியுங்கள். ஒரு குழுவோடு நிற்காமல் மூன்று நான்கில் பதிந்து வையுங்கள், தப்பில்லை. வீடு மாறினால் மறக்காமல் தகவல் சொல்லுங்கள். மின்னஞ்சலில் ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள். அவ்வளவுதான் விதிமுறை.

இப்போது அந்தக் கட்டத்துக்கு வருகிறேன்.

படிவத்தின் கடைசியில், "குழுவுக்கு நீங்கள் எந்த வகையில் உதவ முடியும்?" என்று ஒரு கேள்வி இருந்தது. அது கட்டாயம் இல்லை. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் கவனமாக நிரப்பினேன். அந்தக் கேள்வி வந்ததும், வந்து நான்கு மாதம்தானே ஆகிறது, இங்கிலீஷும் தடுமாறுகிறது, கூடாரம் அடித்துப் பழக்கமில்லை, நமக்கு என்ன தெரியும் என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டேன். பிள்ளையின் இடத்துக்கும் அந்தக் கேள்விக்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவே இல்லை. ரேஷன் கடை வரிசையைப் போல, நம் முறை வந்தால் கூப்பிடுவார்கள் என்ற நம்பிக்கையில் இருந்தேன்.

ஒரு வருடம் போனது, ஒன்றரை வருடம் போனது. அதற்குள் எங்களுக்கு ஆறு மாதம் பின்னால் குடிவந்த எதிர்வீட்டுப் பையன் கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு வியாழக்கிழமை தோறும் போக ஆரம்பித்தான். எனக்கு வயிறு எரிந்தது. வெள்ளைக்காரப் பிள்ளை என்பதால் முந்திவிட்டான் என்று வீட்டில் கத்தினேன். என் மகன் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு அந்தப் பையன் போவதைப் பார்ப்பான். "நமக்கு எப்பம்மா கூப்பிடுவாங்க?" என்று கேட்பான். அந்தக் கேள்வி இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

விஷயத்தை விளக்கியவர் எங்கள் தெருவில் முப்பது வருடமாக இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா. அவருடைய மூன்று பிள்ளைகளும் அதே குழுவில் வளர்ந்தவர்கள். என் புலம்பலை முழுக்கக் கேட்டுவிட்டு, "பிள்ளை, நீங்கள் என்ன உதவி செய்வீங்கள் எண்டு ஃபோர்மில ஒரு கேள்வி இருக்குமெல்லே, அதுக்கு என்ன எழுதினனீங்கள்?" என்றார். ஒன்றும் எழுதவில்லை என்றேன். "அப்ப எப்பிடிக் கூப்பிடுவினம்? ஆக்கள் இல்லாமல் அவையளும் என்ன செய்யிறது?"

அப்புறம் அவர் சொன்ன கணக்கைக் கேளுங்கள். வழக்கமான கூடத்தை விட்டு வெளியே அழைத்துப்போகும்போது பீவர்ஸில் ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் இருக்க வேண்டும். கப்ஸில் எட்டுப் பேருக்கு ஒருவர். ஸ்கவுட்ஸில் பன்னிரண்டு பேருக்கு ஒருவர். எந்த இடத்திலும் இரண்டு பெரியவர்களுக்குக் குறையக் கூடாது. இருபத்து நாலு கப்ஸ் காட்டுக்குள் நடக்கப் போக, பொறுப்பேற்று நடத்தும் லீடர் போக மூன்று பேராவது வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டால் அன்றைக்கு நடை கிடையாது. அந்தப் பெரியவர்கள் யாருக்கும் சம்பளம் இல்லை. ஒருவர் பகலில் பஸ் ஓட்டுபவர், இன்னொருவர் ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர். கூடத்தில் இடம் இருந்தாலும் பெரியவர்கள் இல்லாததால்தான் பட்டியல் நகராமல் நிற்கிறது. ஒரு பெரியவர் வந்தால் பல பிள்ளைகளுக்கு வழி பிறக்கும். அதனால்தான் உதவிக்கு வரும் பெற்றோரின் பிள்ளைக்கு முன்னுரிமை கொடுக்கும் வழக்கம் நிறையக் குழுக்களில் இருக்கிறது. எதிர்வீட்டுப் பையனின் அம்மா இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழன் வருகிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தார். நிறம் எதுவும் அதில் இல்லை. அதைப் பட்டியலில் சேர்ந்த முதல் வாரமே யாராவது எனக்கு விளக்கியிருக்கலாம் என்ற கோபம் மட்டும் இன்னும் போகவில்லை.

மறுநாளே குழுவுக்கு எழுதினேன். மூன்று வரிதான். "சமையல் தெரியும். கணக்கு வழக்கு பார்க்கத் தெரியும். மாதத்தில் இரண்டு வியாழன் வர முடியும்." ஒரு மாதத்துக்குள் கூப்பிட்டார்கள். மகனுக்கு எட்டு வயது ஆகியிருந்தது.

உங்களுக்கும் கூடாரம் அடிக்கத் தெரிய வேண்டியதில்லை. பொருளாளர் தேடாத குழு அபூர்வம். முகாம் முடிந்து வந்த ஈரக் கூடாரத்தைத் தோட்டத்தில் விரித்துக் காயவைக்கவும் ஒருவர் வேண்டும். இங்கிலீஷைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், எட்டு வயதுப் பிள்ளைகளோடு ஆறு மாதம் பேசினால் அது தானாக வரும். எனக்கு வந்தது. விசாவைப் பற்றியும் பயம் வேண்டாம்: ஸ்கில்ட் வொர்க்கர் விசாவில் சம்பளமில்லாத் தொண்டு செய்வதற்குத் தடை இல்லை.

அடிக்கடி வருபவர்களுக்கும் முகாமில் இரவு தங்குபவர்களுக்கும் டிபிஎஸ் என்ற பின்னணிச் சோதனை உண்டு. தொண்டர்களுக்கு அது இலவசம். கடந்த ஐந்து வருடத்தில் இருந்த எல்லா முகவரியும் கேட்பார்கள், ஊர் முகவரியும் சேர்த்து. நாங்கள் சென்னையில் இருந்த வீட்டுக்குப் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. ஒரு இடத்தில் ஒன்றும் இன்னொரு இடத்தில் மற்றதும் எழுதி, திரும்பத் திரும்ப விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. பழைய வாடகை ஒப்பந்தங்களைத் தேடி எடுத்து, மாதம் விடாமல் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உதவிக்குப் போனால் நம் பழக்கம் சிலவற்றை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளுவது, மடியில் இழுத்து உட்காரவைப்பது, வீட்டிலிருந்து முறுக்கும் கடலை மிட்டாயும் கொண்டுபோய் எல்லோருக்கும் கொடுப்பது கூடாது. கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு ஒரு துண்டு உயிராபத்தாக முடியலாம். இன்னொருவர் பிள்ளையோடு நீங்கள் தனியாக ஓர் அறையில் இருக்கவும் கூடாது. மஞ்சள் அட்டை என்று ஒன்று கொடுப்பார்கள், இந்த விதிகள் எல்லாம் அதில் இருக்கும். ஆரம்பத்தில் எனக்கு இது நெருக்கமில்லாத முறையாகத் தெரிந்தது. என் பிள்ளையை முதல்முறை இரண்டு இரவு முகாமுக்கு அனுப்பியபோது, இந்த விதிகள் இருப்பதால்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

காசு விஷயம்: பருவத்துக்கு (டெர்முக்கு) ஒரு சந்தா, குழுவுக்குக் குழு மாறும். நீங்கள் இங்கே வருமான வரி கட்டினால் கிஃப்ட் எய்ட் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள். சந்தாவில் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து குழுவுக்குப் போகும், உங்களுக்குக் கூடுதல் செலவில்லை. பணம் கஷ்டம் என்றால் லீடரிடம் தனியாகச் சொல்லுங்கள், வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வார்கள். சீருடையை அவசரப்பட்டு வாங்காதீர்கள். முதல் சில வாரம் பிள்ளைக்குப் பிடிக்கிறதா என்று பார்க்கட்டும்.

சர்ச் கூடத்தில் நடக்கிறதே, மதம் மாற்றுவார்களோ என்று என்னிடம் கேட்காத தமிழ்க் குடும்பம் குறைவு. கூடம் வாடகைக்கு எடுத்ததாக இருக்கலாம், சில குழுக்களுக்கு சர்ச் ஆதரவும் இருக்கலாம், ஆனால் எல்லா மதத்துப் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. சேரும்போது பிள்ளை எடுக்கும் உறுதிமொழியிலும் அப்படித்தான். கடவுள் என்ற இடத்தில் இந்துப் பிள்ளை "என் தர்மம்" என்று சொல்லலாம். முஸ்லிம் பிள்ளை அல்லாஹ் என்று சொல்லலாம். மத நம்பிக்கை இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் 2014 முதல் தனி வாசகம் உண்டு. மன்னருக்குக் கடமை என்ற இடத்தில், வேறு நாட்டுக் குடியுரிமை உள்ள பிள்ளை "நான் இப்போது வாழும் நாட்டுக்கு" என்று சொல்லலாம். இதையெல்லாம் லீடர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே முன்னால் சொல்லிவிடுங்கள்.

உறுதிமொழி எடுக்கும் நாளில் எங்கள் வீட்டில் ஒரு கலவரம். பாளையங்கோட்டையிலிருந்து ஆச்சி வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கார்ஃபை மாட்டிவிட்டு லீடர் இடது கையை நீட்டினார், இவனும் இடது கையை நீட்டிக் குலுக்கினான். "ஏ, பிள்ளைக்குச் சோத்தாங்கை எதுன்னுகூடச் சொல்லிக் குடுக்கலயா?" என்று ஆச்சி கூடம் முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டார். உலகம் முழுக்கச் சாரணர்கள் இடது கைதான் குலுக்குவார்கள், ஊரிலும் அப்படித்தான் என்று அன்று இரவு அரை மணி நேரம் விளக்கினேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் முதலிலேயே சொல்லிவையுங்கள். அன்றைக்கு ஆச்சி பக்கத்தில் இல்லையே என்றுதான் எனக்குத் தொண்டை அடைத்தது.

முகாமுக்கு இரண்டே விஷயம் சொல்கிறேன். முதலாவது, எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள், தட்டு, டம்ளர், ஸ்பூன், காலுறை உட்பட. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. இரண்டாவது, சைவம் என்று படிவத்தில் எழுதினால் மட்டும் போதாது. முட்டை உண்டா இல்லையா என்று தனியாக எழுதுங்கள். இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து குச்சியில் குத்திச் சுடும் மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கும், அது பன்றி அல்லது மாட்டிலிருந்து எடுப்பது. லீடர்களுக்கே சில நேரம் அது நினைவில் இருக்காது. ஜெலட்டின் இல்லாத பாக்கெட் கடைகளில் கிடைக்கிறது, ஒன்று வாங்கிப் பெயர் எழுதி லீடர் கையில் கொடுத்துவிடுங்கள். என் மகனின் முதல் முகாமில் எல்லோரும் சுட்டுத் தின்றபோது அவன் வெறும் குச்சியை நெருப்பில் காட்டிக்கொண்டு இருந்தானாம். திரும்பி வரும் வழியில் காரில் அதைச் சொன்னான். இப்போது எங்கள் குழு வாங்குவதே ஜெலட்டின் இல்லாததுதான். வாங்குவது நான்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். நம்மவர்கள் சிலர் டியூஷனுக்கு விடுவதைப் போலப் பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுக் காருக்குள்ளேயே ஒரு மணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். முடிந்த பிறகு பதினைந்து நிமிடம் தாமதமாக வருபவர்களும் உண்டு. காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போன மனிதர் அந்தக் குளிரில் உங்கள் பிள்ளையோடு நிற்கிறார். விதிப்படி அவரோடு இன்னொருவரும் நிற்க வேண்டும். போன வருடம் பக்கத்துக் குழு ஒன்றில் பீவர்ஸ் பிரிவையே மூடிவிட்டார்கள். வர ஆள் இல்லை. அந்தப் பிள்ளைகளும் இப்போது எங்கள் பட்டியலில் நிற்கிறார்கள்.

மகள் அடுத்த மாதம் பீவர்ஸுக்குப் போகிறாள், ஆறு வயது நிறையும் வாரத்தில். எங்கள் கூடத்தை வியாழன் மாலை ஆறே காலுக்கு நான்தான் திறக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன்னால் ஒருநாள் வந்து பாருங்கள். மேசைகளைச் சுவரோரம் தள்ளவே எப்போதும் ஒரு ஆள் குறையும்.