டிஸ்பெர்சன்ட் பீப்பாயைத் திறக்கும் முன் தரவுத் தாளை எப்படிப் படிப்பது?

கடலில் கசிந்த எண்ணெயை நுண்துளிகளாக உடைக்கத் தெளிக்கும் டிஸ்பெர்சன்ட், சோப்புபோல் வேலைசெய்யும் பொருள்களும் கரைப்பானும் சேர்ந்த கலவை. அதில் என்னென்ன இருக்கிறது என்பது எப்போதும் வெளியே தெரிவதில்லை. 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் கோரெக்ஸிட் என்ற டிஸ்பெர்சன்ட்டைத் தெளித்தபோது, முழு உட்பொருள் பட்டியல் ஜூன் மாதத்தில்தான் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது.

முதலில் பெயரைக் கடைசி எழுத்துவரை பாருங்கள். கோரெக்ஸிட் 9527ஏ-வில் 2-பியூட்டாக்ஸிஎத்தனால் உண்டு, 9500ஏ-வில் இல்லை. இந்தக் கரைப்பான் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது.

அடுத்து, தயாரிப்போடு வரும் பாதுகாப்புத் தரவுத் தாளில் உட்பொருள்களைச் சொல்லும் 3ஆம் பிரிவு. வேதிப்பெயர்கள் பலவாறு எழுதப்படும் என்பதால் ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனியாக உள்ள சிஏஎஸ் அடையாள எண்ணை வைத்தே தேடுங்கள். எண்ணில் தட்டச்சுப் பிழை இருக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய கணக்கு உண்டு. 111-76-2 என்ற எண்ணில் கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு, வலமிருந்து 1, 2, 3 எனப் பெருக்கிக் கூட்டுங்கள்: 6+14+3+4+5=32. விடையின் கடைசி இலக்கம் 2. எண்ணின் கடைசி இலக்கமும் அதுவே. பொருந்தாவிட்டால் எண் தவறு.

அளவு “30–60%” என்றிருந்தால் 60 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 200 கிலோ பீப்பாயில் அது 120 கிலோ. “வணிக ரகசியம்” என்ற வரியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். பெயரை மறைத்திருக்கிறார்கள் என்பது மட்டுமே அதன் பொருள், தீங்கற்றது என்பதல்ல. உடல்நலத் தீங்கைச் சொல்லும் 11ஆம் பிரிவில் வரும் “தரவு இல்லை” என்பதும் அப்படித்தான்: சோதனை முடிவு கையில் இல்லை, அவ்வளவே.

சுற்றுச்சூழல் பாதிப்பைச் சொல்லும் 12ஆம் பிரிவில் எல்சி50, அதாவது சோதித்த உயிரினங்களில் பாதியைக் கொல்லும் செறிவு, சிறிதாக இருந்தால் நச்சு அதிகம். எந்த உயிரினம், 48 மணி நேரமா 96 மணி நேரமா என்று பார்க்காமல் இரண்டு தயாரிப்புகளை ஒப்பிடாதீர்கள். டிஸ்பெர்சன்ட்டை மட்டும் சோதித்தார்களா, எண்ணெயோடு கலந்தா என்பது அதைவிட முக்கியம். கடலில் மீன் சந்திப்பது கலவையைத்தான்.

பெயர் தெரியாத உட்பொருள் இருக்கும்வரை, 8ஆம் பிரிவு சொல்லும் பாதுகாப்பில் எதையும் குறைக்கக் கூடாது. தூசி முகக்கவசம் கரைப்பான் ஆவியைத் தடுக்காது. தெளிக்கும் இடத்தில் சுவாசக் கவசத்தில் கரிம ஆவியை உறிஞ்சும் கார்ட்ரிட்ஜும் நுண்துளிக்கான வடிகட்டியும் சேர்ந்தே வேண்டும். கையுறை எந்த ரப்பர், எத்தனை நிமிடம் தாங்கும் என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

யாராவது மயங்கி விழுந்தால் தாளையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். அமெரிக்கப் பணியிட விதிப்படி, அவசரச் சிகிச்சை தரும் மருத்துவர் கேட்டால் ரகசிய உட்பொருளின் பெயரை நிறுவனம் உடனே சொல்லியாக வேண்டும்.